பட்டையைக் கழற்றிய பிறகு: பிக்கப்பின் பின்பக்கக் காயில்ஓவர் கணக்கு

பிக்கப் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் கண்ணில் படுவது பட்டைக் கட்டுதான். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே யூ போல்ட் போட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சான ஆக்ஸிலோடு இறுக்கியிருப்பார்கள். முன்முனை சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு புஷ்ஷில் மாட்டியிருக்கும், பின்முனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பார்க்க முரடாக இருந்தாலும் இந்தக் கட்டு செய்யும் வேலை ஒன்றல்ல. பாரத்தைத் தாங்குகிறது. ஆக்ஸில் முன்பின்னாக நகராமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் பிடித்துக்கொள்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஆக்ஸில் ஹவுசிங் உருளப் பார்க்குமே, அதையும் தடுக்கிறது. போதாக்குறைக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வையும் கொஞ்சம் அடக்கிவிடுகின்றன.

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பரின் உடலைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங்கை மாட்டிய அமைப்பு. அது பாரத்தைத் தாங்கும், அதிர்வை அடக்கும். அவ்வளவுதான். ஆக்ஸில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதில் அதற்குப் பங்கே கிடையாது. அதனால் பட்டையை எடுத்துவிட்டுக் காயில்ஓவர் போடலாம் என்று இறங்குபவருக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்குவது சின்ன வேலை. பட்டை சத்தமில்லாமல் செய்துவந்த மற்ற வேலைகளை எல்லாம் இனி அவரே இரும்பு வெட்டி, வெல்டு வைத்துச் செய்துதர வேண்டும்.

பின் எதற்கு இந்தப் பாடு? காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் ஏன் அப்படித் தூக்கிப்போடுகிறது என்று பார்த்தால் விடை தெரியும். ஒரு பெரிய பிக்கப்பில், பின்பக்கம் ஒரு சக்கரத்தின் பங்குக்கு ஸ்பிரிங்கின் மேல் 400 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம். பட்டை ஒரு மில்லிமீட்டர் அமுங்க 50 நியூட்டன் கேட்கிறது. வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 1.8 தடவை ஆடும். முதுகுக்கு இது கடினம். அதே வண்டியில் சக்கரத்துக்கு இன்னொரு 500 கிலோ ஏற்றினால் ஆட்டம் 1.2 ஆக இறங்கிவிடும். சுகமான கார் அளவு அது. ஆக, பட்டையை லோடு ஏற்றிய வண்டிக்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெறும் வண்டியை ஓட்டுபவர், ஏற்றாத பாரத்துக்கான விலையை இடுப்பில் கொடுக்கிறார்.

இதை முதலில் யோசித்தவர்கள் பாலைவனப் பந்தயக்காரர்கள் என்று சொல்வதுண்டு. ஷெவர்லே அதற்கு முன்பே கை வைத்துவிட்டது. 1960ஆம் ஆண்டு மாடலில் வந்த சி10 பிக்கப்பின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்தான். மாட்டு வண்டியின் ஏர்க்கால் போல நடுச் சேஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை நீண்ட இரண்டு கைகள் ஆக்ஸிலைப் பிடித்திருந்தன. 1973இல் ஷெவர்லே பட்டைக்கே திரும்பிவிட்டது. ஆனால் அந்த இரட்டைக் கை அமைப்பை அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைப் பிரிவுக் கார்கள் எடுத்துக்கொண்டு 2021 வரை விடவில்லை. ஒரு லோடு வண்டியின் அடிப்பாகம் அரை நூற்றாண்டு பந்தயத் தடத்தில் ஓடியது என்பது வண்டிப் பைத்தியங்கள் பலருக்கே தெரியாத சேதி.

மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967இல் தொடங்கிய பந்தயம்தான் இன்றைய நெடும்பயண சஸ்பென்ஷனின், அதாவது சக்கரம் நெடுந்தூரம் மேலும் கீழும் போய்வர விடும் அமைப்பின், பள்ளிக்கூடம். 1994இல் அங்கே டிராஃபி டிரக் என்ற பிரிவு வந்தது. அந்த வண்டிகளின் பின் ஆக்ஸில் இரண்டரை அடி வரை மேலும் கீழும் போகும். இத்தனைக்கும் அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில்தான். கம்பெனி வண்டிகள் மெதுவாகப் பின்தொடர்ந்தன. ராம் 1500 பிக்கப் 2009 மாடலில் சுருளுக்கு மாறியது. பாலைவனத்துக்கென்றே ஃபோர்டு விற்ற ராப்டர் 2010 மாடலில் வந்தபோது பின்பக்கம் பட்டைதான். 2021இல்தான் ஐந்து கைகளும் 24 அங்குலச் சுருளும் வந்தன. ஷாக்கில் முன்னோடியாக இருந்த வண்டியே பட்டையை விடப் பதினோரு மாடல் ஆண்டு எடுத்துக்கொண்டது என்றால், பாரம் சுமக்கும் விஷயத்தில் பட்டை எவ்வளவு கெட்டிக்காரன் என்று புரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்ச் சந்தைக்கு வெங்காயமும் தேங்காயும் ஏற்றிப்போகும் பொலேரோ பிக்கப்பை இந்தப் பேச்சுக்குள் இழுக்கவே வேண்டாம். ஒன்றே கால் டன்னுக்கு மேல் இரண்டு டன் வரை சுமக்கிற அந்த வண்டிக்குப் பட்டைதான் சரி. தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. கீழே வருவது எல்லாம் அமெரிக்கப் பாணியில் பாலைவனத் தடத்தில் காலியாகப் பறக்கிற வண்டியின் கணக்கு.

முதல் வேலை கைகள். ஆக்ஸிலைச் சேஸோடு இணைக்கும் இந்தக் குழாய்களில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்பது வழக்கமான ஏற்பாடு. மேல் கைகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்தால் அவையே பக்கவாட்டு நகர்வையும் தடுத்துவிடும். அதற்கு இடமில்லாமல் நான்கையும் நேராக வைத்தால் பான்ஹார்ட் கம்பி ஒன்று வேண்டும். ஒரு முனை சேஸில், மறுமுனை ஆக்ஸிலில். அதில் ஒரு சிக்கல்: கம்பி வட்ட வில்லில்தான் சுழலும். 36 அங்குலக் கம்பி மட்டமாக இருக்கும் நிலையிலிருந்து ஆக்ஸில் 6 அங்குலம் ஏறினால் அரை அங்குலம் பக்கவாட்டில் இழுக்கும். 24 அங்குலக் கம்பியாக இருந்தால் முக்கால் அங்குலம். கம்பி நீளமாக இருப்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் இதற்குப் பதில் வாட் இணைப்பு, அதாவது நடுவில் சுழலும் துண்டில் கோத்த இரண்டு கம்பிகள், வைத்தார்கள். நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட் 1784இல் காப்புரிமை வாங்கிய அதே தத்துவம்.

கைகளை எந்தச் சாய்வில் வைப்பது என்பதுதான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மேல் கையின் கோட்டையும் கீழ்க் கையின் கோட்டையும் முன்னோக்கி நீட்டுங்கள். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அது எவ்வளவு உயரத்தில் போகிறது என்று பாருங்கள். வண்டியின் எடை மையத்தின் உயரமும் அதுவும் சமமானால் மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்காது, எழும்பவும் செய்யாது. இதை நூறு சதவீத அமுங்கல் தடுப்பு என்பார்கள். அதற்கு மேல் போனால் மிதித்தவுடன் பின்பக்கம் எழும்பும். இழுவைப் பந்தயக்காரர்கள் இதை விரும்பிச் செய்வார்கள். மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு இது ஆகாது. இழுவிசை சஸ்பென்ஷனை விறைக்க வைத்துச் சக்கரம் குதிக்க ஆரம்பிக்கும். நூறுக்குக் கீழே வைத்துக் கொஞ்சம் அமுங்க விடுவதே என் கட்சி. அமுங்கினால் அழகு கெடும் என்று பயப்படுபவர்கள் கார் கண்காட்சிக்குப் போகலாம்.

குழாயும் மூட்டும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட குழாய் கீழ்க் கைக்கு வழக்கம். பந்து மூட்டு துல்லியம், ஆனால் சத்தம் போடும், மண்ணில் சீக்கிரம் தேயும். ரப்பர் புஷ் அமைதி, ஆனால் நெளியும். தினமும் ஓட்டுகிற வண்டியில் சேஸ் முனையிலாவது புஷ் வைப்பது நல்லது.

ஷாக்கின் மேல்முனையை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பட்டை, பாரத்தை ஆக்ஸிலுக்கு முன்னே ஓர் இடத்திலும் பின்னே ஓர் இடத்திலுமாகச் சேஸில் பிரித்து இறக்கியது. காயில்ஓவர் அத்தனையையும் ஒரே புள்ளியில் ஏற்றுகிறது. வண்டி காற்றில் எழும்பி இறங்கும்போது அந்தப் புள்ளியில் விழுவது நின்ற பாரத்தின் பல மடங்கு. சேஸின் பக்கச் சட்டத்தில் ஒரு பிராக்கெட்டை ஒட்டவைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு சட்டங்களையும் இணைத்து, சரக்குத் தொட்டியின் தரையைத் துளைத்து மேலே எழும்பும் குழாய்க் கூண்டு ஒன்று கட்டுவார்கள். நெடும்பயணம் வேண்டுமென்றால் ஷாக் நீளமாக இருக்க வேண்டும், நீளமான ஷாக் தொட்டிக்குள்தான் போய் நிற்கும். சரக்கு வைக்கும் இடம் போய்விட்டது என்று வருத்தப்படுவதில் பயனில்லை. சரக்கு ஏற்றும் தகுதி பட்டையைக் கழற்றியபோதே போய்விட்டது.

இனி ஸ்பிரிங். கூண்டுக்கு இடம் கிடைக்க ஷாக்கை உள்நோக்கிச் சாய்ப்பது வழக்கம். 25 டிகிரி சாய்வு என்று வைப்போம். சக்கரம் ஓர் அங்குலம் ஏறினால் ஷாக் 0.906 அங்குலம்தான் அமுங்கும். சுருளின் கடினம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது அந்த எண்ணின் வர்க்கமாக, அதாவது 0.82 பங்காகக் குறையும். வர்க்கம் ஏன் என்றால், நகர்வு குறைவதோடு விசையும் அதே விகிதத்தில் சாய்ந்துவிடுகிறது.

ஆட்டம் விநாடிக்கு 1.3 தடவை வேண்டும் என்று முடிவு செய்வோம். வசதியான ஒரு குறுக்குவழி உண்டு: தன் பாரத்தில் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் ஆட்டத்தின் எண்ணிக்கை வந்துவிடும். 1.3க்கு 15 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். 400 கிலோவுக்கு, அதாவது 880 பவுண்டுக்கு, சக்கரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 152 பவுண்டு கடினம் தேவை. 0.82ஆல் வகுத்தால் சுருள் 185. கடையில் சுருள்கள் நீளம், உள்விட்டம், கடினம் என்ற மூன்று எண்களோடுதான் கிடைக்கும். இரண்டரை அங்குல ஷாக்குக்கு மூன்று அங்குல உள்விட்டம்.

பெரும்பாலான காயில்ஓவரில் ஒன்றல்ல, இரண்டு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நடுவே நழுவும் வளையம் ஒன்று. இரண்டும் சேர்ந்து அமுங்கும்போது மொத்தக் கடினம் தனித்தனிக் கடினத்தைவிடக் குறையும்: இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கீழே 350, மேலே 400 போட்டால் 187. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று தோன்றும்.

வராது. 14 அங்குலப் பயணமுள்ள ஷாக், நின்ற நிலையிலிருந்து கீழே தொங்க 5 அங்குலம், மேலே அமுங்க 9 அங்குலம் என்று வைப்போம். 880 பவுண்டைச் சாய்வுக்கு ஏற்பத் திருத்தினால் ஷாக்கின் மேல் 971 பவுண்டு. 187ஆல் வகுத்தால் 5.2 அங்குலம் அமுங்கும். முழுக்கத் தொங்கும்போதும் சுருளில் மிச்சம் 0.2 அங்குல அழுத்தம் இருக்கிறது, தளராமல் நிற்கும். ஆனால் ஷாக்கின் உள்ளே நைட்ரஜன் வாயு 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டில், இருக்கிறதே! முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமான, எட்டில் ஏழு அங்குலத் தண்டை அது 120 பவுண்டு விசையோடு வெளியே தள்ளுகிறது. அதைக் கழித்தால் சுருளுக்கு வருவது 851 பவுண்டுதான், 4.55 அங்குலமே அமுங்கும். முழுக்கத் தொங்கும்போது சுருள் அரை அங்குலம் தளர்ந்து, இடம் மாறி, கிணுகிணு என்று அடித்துக்கொள்ளும். மேல் சுருளை 300 ஆக்கினால் மொத்தம் 161, 5.3 அங்குலம் அமுங்கும், தளர்வு போய்விடும். ஆட்டம் 1.2 ஆகும். பாலைவன வண்டிக்கு அந்த மென்மை குறையல்ல.

சாய்வு இன்னொரு வேலையும் செய்கிறது. ஆக்ஸில் மேலேறும்போது ஷாக் மேலும் படுத்துக்கொள்ளும். நின்ற நிலையில் இரு முனைத் துளைகளுக்கும் நடுவே 32 அங்குலம் உள்ள ஷாக், சக்கரம் 9 அங்குலம் ஏறியதும் 34 டிகிரிக்குச் சாய்ந்துவிடும், 0.82 என்ற பங்கு 0.69க்கு விழும். எந்த நேரத்தில் கடினம் கூட வேண்டுமோ அந்த நேரத்தில் குறைகிறது. இரட்டைச் சுருளின் உண்மையான பயன் இங்கேதான். ஷாக்கின் உடலில் திருகிய நிறுத்து வளையம் ஒன்று உண்டு. நழுவும் வளையம் அதில் போய் முட்டியதும் மேல் சுருள் விலகிக்கொள்ளும். 161 ஒரே அடியில் 350 ஆகும். நிறுத்து வளையத்தை எங்கே வைப்பது? தண்டு ஓர் அங்குலம் உள்ளே போனால் நழுவும் வளையம் நகர்வது 161ஐ 300ஆல் வகுத்த அளவு, 0.54 அங்குலம். நின்ற நிலையிலிருந்து 4 அங்குலம் மென்மையாகவும் அதற்குமேல் கடினமாகவும் வேண்டும் என்றால் இரண்டு வளையங்களுக்கும் நடுவே 2.15 அங்குல இடைவெளி விட வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து விடுகிற வேலை இது. பலர் கண்ணால் பார்த்துத் திருகிவிட்டு, வண்டி திடீரென்று விறைக்கிறது என்று ஷாக்கைத் திட்டுகிறார்கள்.

மேலே உள்ள பெரிய நட்டைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆகாது. 161 சுருள் எப்போதும் 161தான். நட்டைத் திருகினால் வண்டி உயரும். தொங்க இருக்கும் பயணம் குறையும், அமுங்க இருக்கும் பயணம் கூடும். உயரம் சரிசெய்ய மட்டுமே அது. இரண்டு அங்குலத்துக்குமேல் திருக வேண்டியிருந்தால் சுருளை மாற்றுவதே நல்லது.

வளைவில் சாய்வதற்கு வேறு கணக்கு. ஒரே கட்டையான ஆக்ஸிலில், ஸ்பிரிங்குகள் இரண்டும் டயர்களின் அகலத்தில் பாதி இடைவெளியில் நின்றால் சாய்வைத் தடுக்கும் வலு கால் பங்குதான் கிடைக்கும். உள்ளே சாய்த்து வைத்த காயில்ஓவர் வண்டி வளைவில் படகாக ஆடுவது இதனால்தான். சுருளைக் கடினமாக்கித் தீர்க்கப் பார்ப்பது வீண். சாய்வுத் தடுப்புக் கம்பி போட வேண்டும்.

ஷாக்கின் உள்ளே பிஸ்டனின் இரு பக்கமும் ஷிம் என்னும் மெல்லிய எஃகுத் தட்டுகள் அடுக்கியிருக்கும். எண்ணெய் அவற்றை வளைத்துக்கொண்டு போக வேண்டும். அந்த எதிர்ப்புதான் அடக்கம். அமுங்கும் பக்கம் ஓர் அடுக்கு, விரியும் பக்கம் ஓர் அடுக்கு. மெதுவேகம், கடுவேகம் என்று பேசும்போது அது தண்டின் வேகம், வண்டியின் வேகமல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டரில் நீண்ட அலைபோன்ற சாலையில் போனால் தண்டு மெதுவாகத்தான் நகரும். மணிக்கு இருபதில் ஒரு கல்லின் விளிம்பில் ஏறினால் பாய்ந்து நகரும்.

விரியும் பக்கம் அதிகமாக அடக்குவதுதான் எல்லோரும் விழும் குழி. வண்டி துள்ளுகிறது, அதனால் இறுக்கு என்று இறுக்குவார்கள். தொடர்ச்சியாக மணல்மேடுகள் வரும் தடத்தில் முதல் மேட்டில் அமுங்கிய சக்கரம் இரண்டாவது மேட்டுக்குள் முழுக்க விரியாது. மூன்றாவதில் இன்னும் தாழும். நான்கைந்து மேட்டுக்குள் பயணம் எல்லாம் தீர்ந்து, வண்டி தடுப்பு ரப்பரில் உட்கார்ந்து உதைக்கும். ஓட்டுபவருக்கு அது ஸ்பிரிங் மென்மையாக இருப்பதுபோல் தோன்றும், கடினமான சுருள் வாங்கிப் போடுவார், நிலைமை மோசமாகும். பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போய் உதைக்கிறதா, அல்லது ஒரே அடியில் உதைக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதற்கு விரிவைத் தளர்த்துங்கள், பின்னதற்கு அமுக்கத்தை இறுக்குங்கள்.

கடைசி இரண்டு மூன்று அங்குலத்துக்கு நைட்ரஜன் அடைத்த தடுப்புக் குழாய் போடுவார்கள். கீழே தொங்கும் எல்லைக்கு நைலான் பட்டி வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துள்ளலிலும் ஆக்ஸிலின் முழு எடையையும் ஷாக்கின் தண்டே இழுத்துப் பிடிக்கும். ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, பின் முழுக்க ஏற்றி, டிரைவ் ஷாஃப்ட் நழுவும் நீளமும் பிரேக் குழாயும் எட்டுகின்றனவா என்று சுருள் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். டயர்க் காற்று, எரிபொருள், ஸ்டெப்னி, உள்ளே உட்காருபவர்கள் என எல்லாம் வழக்கமான நிலையில் இருக்கும்போதே உயரம் அளக்க வேண்டும். முதலில் சுருள், பிறகு நிறுத்து வளையம், கடைசியில்தான் ஷிம். தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, மேலே ஷாக்கின் உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு ஓட்டினால் எவ்வளவு தூரம் உள்ளே போய் வந்தது என்று அதுவே காட்டும். தடத்தின் மோசமான இடத்திலும் வளையம் எல்லையிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நின்றால் நீங்கள் வாங்கிய பயணத்தில் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதே தடத்தில், அதே வேகத்தில்.

ஷாக் சூடாகிவிட்டால் எதையும் முடிவு செய்யாதீர்கள். அடக்கிய ஆற்றல் எல்லாம் எண்ணெயில் வெப்பமாகத்தான் சேர்கிறது. சூடான எண்ணெய் மெலிந்து அடக்கம் குறையும். தனிக் குடுவை வைத்த ஷாக்குகளில் எண்ணெய் அதிகம் பிடிக்கும் என்பதால் இது தாமதமாக நடக்கும், அவ்வளவுதான். நன்றாக இருந்த வண்டி சில மாதங்களில் மிதக்க ஆரம்பித்தால் ஷிம்மைத் திறப்பதற்கு முன் நைட்ரஜன் அழுத்தத்தைப் பாருங்கள். வாயு இறங்கிப்போன ஷாக்கில் பிஸ்டனின் பின்னால் எண்ணெய் நுரைத்துவிடும். அந்த நிலையில் எந்த ஷிம்மை மாற்றினாலும் பலன் தெரியாது.